தீனியை நிறுத்தச் சொன்ன நாள்

இறால் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. தண்ணீரில் ஒரு கம்பியை நீட்டுகிறீர்கள், ஆக்சிஜன் அளவு கைபேசியில் வந்து விழுகிறது. எங்களுக்கு மூக்குதான் கருவி. குளத்தில் இறங்கி ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்போம். அதனால் அந்தக் காலம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. உங்கள் கம்பி என் மூக்கைவிட நல்ல கருவிதான், சளி பிடிக்காது. என் அனுபவத்தில் ஏதாவது எழுதுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்டது உங்கள் தப்பு, படிப்பது உங்கள் தலையெழுத்து.

நான் வரதராஜன்பேட்டைக்காரி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். என்னையும் டீச்சராக்கிப் பார்க்க ஆசைப்பட்டார், நான் மீன்வளம் படித்துவிட்டு இறால் தீவன கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் குளங்கள் எல்லாம் என் பொறுப்பு. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பூமியில், ஸ்கூட்டரில் ஒரு பொம்பளை வந்து இறங்கி இறாலுக்கு எவ்வளவு சாப்பாடு போடுவது என்று சொல்வதை முதல் இரண்டு வருடம் சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் நான் வராத வாரம் போன் பண்ணித் திட்டினார்கள். அந்தத் திட்டுதான் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.

பயோபிளாக் என்ற சொல் அப்போது எங்கள் பக்கம் வரவில்லை, சங்கதி மட்டும் வந்துவிட்டது. இறால் தின்றது போக மிஞ்சும் தீனியும் அதன் கழிவும் தண்ணீரில் அம்மோனியாவாக மாறும், அது நஞ்சு. அந்தத் தண்ணீரில் மரவள்ளி மாவையோ வெல்லத்தையோ கரைத்து ஊற்றி, தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் காற்றாடியை ஓடவிட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, அம்மோனியாவைத் தின்று, பழுப்புத் திரளாக மிதக்கும். அந்தத் திரளை இறால் தின்னும். நஞ்சு சோறாகிறது, அவ்வளவுதான் தத்துவம். திருச்சியிலிருந்த எங்கள் மேலாளர் இதை எங்கோ படித்துவிட்டு வந்து, சில நன்னீர் இறால் குளங்களில் செய்து பார்க்கச் சொன்னார். குளத்துக்காரர்கள் அதற்கு மாவுத்தண்ணி என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் எனக்கு அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

மீன்சுருட்டிப் பக்கம் ஒரு விவசாயி, திரளே சாப்பாடு என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு தீனி வாங்குவதையே நிறுத்திவிட்டார். வெறும் மாவுதான். நான் போய்ப் பார்த்தால் இறால் எல்லாம் விரல் நீளத்திலேயே நிற்கிறது.

"நாமெல்லாம் கஞ்சி குடிச்சு வளரலயா மேடம், அதுங்களும் வளரட்டும்" என்றார்.

"கஞ்சி குடிச்சுதான் வளந்தோம். கூடக் கருவாடு இருந்துச்சுல்ல."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். மறுநாள் தீனி மூட்டை இறங்கியது. மாவு தனியாக இறாலை வளர்க்காது, தீனி, மாவு, காற்று மூன்றும் ஒன்றுக்கொன்று அளவாக இருந்தால்தான் வேலை நடக்கும். இது தீனி குறைந்துபோன கதை, சுலபமாக முடிந்தது. தீனி கூடிப்போன கதைதான் என்னைப் படுத்தியது.

லெப்பைக்குடிக்காட்டில் வீட்டுக்கு ஓர் ஆளாவது வளைகுடாவில் இருப்பார். ஜாபர் பாய் துபாயில் ஏசி மெக்கானிக்காகப் பல வருடம் இருந்தவர். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் விடுப்பில் வந்தவர், வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் குளம் வெட்டி இறால் குஞ்சு விட்டுவிட்டார். துபாயைவிட்டு வந்த ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய் அங்கே இறங்காவிட்டால் விசா செல்லாது. அந்தக் கெடு முதலில் வரும், அறுவடை அதற்கும் பிறகுதான் வரும். அறுவடையைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்ய வழியில்லை. குளம் தேறும் என்று முன்கூட்டியே நம்பினால் ஊரில் இருக்கலாம், நம்பிக்கை வரவில்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னு நிக்கிறேன் மேடம்" என்று முதல் நாளே சொன்னார். "நீங்க சொல்ற கணக்க வச்சுத்தான் எந்தக் கால எடுக்குறதுன்னு பாக்கணும்."

இப்படி ஒருவர் சொன்னால் உங்களுக்குப் பயம் வரும். எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அவர் மனைவி மும்தாஜ் ஆரம்பத்தில் என்னிடம் அதிகம் பேசவில்லை. நான் போனால் பால் கொட்டிக் காய்ச்சிய டீ வரும், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நாங்கள் பேசுவதைக் கேட்பாள். கல்யாணமான நாளிலிருந்து புருஷனை விடுப்பில் மட்டுமே பார்த்தவள். இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். குளத்து வேலைக்குச் செல்லமுத்து என்று ஒருவர், நடுத்தர வயது, வார்த்தைக்குக் காசு கேட்பது போல் பேசுவார். நான் சொன்ன தீனியை நிறுத்துப் போட்டுவிட்டு, தீனித் தட்டைத் தண்ணீரில் இறக்கி, எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்வார். இறால் உண்மையில் எவ்வளவு தின்கிறது என்பதை எங்களுக்குக் காட்டுவது அந்தத் தட்டுதான்.

மழைக்காலம் வரை எல்லாம் நன்றாகவே போனது. அதற்குப் பிறகு குளம் முரண்டு பிடித்தது. வாராவாரம் சோதனைக் குழாயில் அம்மோனியாவின் பச்சை நிறம் கூடிக்கொண்டே வந்தது. தட்டில் தீனி மிஞ்சியது. நான் தீனியைக் குறைத்தேன், பச்சை குறையவில்லை. மறுபடி குறைத்தேன், அப்போதும் குறையவில்லை. ஜாபர் பாயின் சந்தேகம் செல்லமுத்துவின் மேல் திரும்பியது.

"நீங்க ஒரு அளவு சொல்றீங்க, இவரு ஒரு அளவு போடுறாரு. மூட்டைக் கணக்கு இடிக்காம இருக்க வெளிய எங்கயாவது வாங்கிக் கலக்குறாரோ என்னவோ."

"கூடப் போட்டு அவருக்கு என்ன லாபம் பாய்?"

"எறா பெருசாச்சுன்னா நல்ல பேருல்ல."

இந்தத் துப்பறியும் மூளை அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. துபாயில் ஏசி மட்டும்தான் பார்த்தாரா என்று கேட்க நினைத்தேன். அந்த நேரத்தில் வீட்டிலும் நெருக்கடி. அவருடைய அத்தாவும் அம்மாவும் அந்த ஆண்டு ஹஜ்ஜுக்குப் போகிறார்கள். போகிறவர்களுக்குச் சலாம் சொல்லி, எங்களுக்காகத் துஆ செய்யுங்கள் என்று கேட்டுப் போக ஊரும் உறவும் வந்துகொண்டே இருந்தது. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

அடைமழை பிடித்து இரண்டு மூன்று நாள் வெயிலே தலைகாட்டாத ஒரு காலையில் ஜாபர் பாய் போன் செய்தார். "எறா எல்லாம் கரைக்கு வந்துருச்சு மேடம். ஏறி வருது."

இதைக் கேட்டால் நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்ப வேண்டும். தண்ணீரில் மூச்சுவிடக் காற்று இல்லை என்று அர்த்தம். பெரம்பலூரிலிருந்து மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். கரை ஓரம் முழுக்க மீசை. தண்ணீருக்கு வெளியே முகத்தை நீட்டிக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக இறால், சில புல்லில் ஏறிக் கிடந்தன. முந்தின நாளிலிருந்து கரண்ட் இல்லை. பழைய ஜெனரேட்டர் ஒரு காற்றாடியைத்தான் ஓட்டியது, இரண்டாவதன் பெல்ட் அறுந்து தொங்கியது. செல்லமுத்து சேற்றில் முழங்கால் வரை நின்று ஜெனரேட்டருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். தன் தலைக்குப் பிடிக்கவில்லை.

"இவர நாளையிலேர்ந்து வரவேணாம்னுட்டேன்" என்றார் ஜாபர் பாய் என்னிடம், அவர் காதில் விழும்படியே.

கரையில் ஒரு டிரம்மில் வெல்லம் கரைத்துத் தயாராக இருந்தது. நான் வருவதற்குள் ஜாபர் பாய் திருச்சிக்குப் போன் போட்டிருக்கிறார். அம்மோனியா ஏறிவிட்டது, வெல்லத்தை இரண்டு மடங்காக ஊற்று என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். இரண்டு பேர் டிரம்மைச் சாய்க்கப் போகிற நேரத்தில் நான் குறுக்கே போய் நின்றேன்.

மேலாளருக்குப் போன் போட்டேன். "சார், இப்ப வெல்லம் ஊத்தக் கூடாது."

"ஏம்மா, அம்மோனியா ஏறினா சர்க்கரை குடுக்கணும்னு நான்தானே உனக்குச் சொல்லிக் குடுத்தேன்?"

"காத்தாடி ஓடுனா சரி சார். இங்க ஒன்னுதான் ஓடுது. வெல்லத்தத் தின்னுட்டு அந்த நுண்ணுயிர் எல்லாம் மூச்சுவிட ஆரம்பிச்சா இருக்குற காத்தும் போயிடும். சாயங்காலத்துக்குள்ள குளம் காலி."

"உன் முடிவு, உன் பொறுப்பு" என்றார்.

"சரி சார், என் பொறுப்பு" என்று வைத்துவிட்டேன். மரியாதையாகத்தான் வைத்தேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மேலாளர் சொன்னது தவறில்லை. பாடத்தில் இருப்பதைச் சொன்னார், வேறு நாளில் அதுவே சரியான மருந்து. அவர் திருச்சியில் இருந்தார், நான் கரையில் நின்றேன், வித்தியாசம் அவ்வளவுதான். கரையில் நிற்கிறவர் தான் பார்ப்பதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டால், அவருக்குக் கம்பெனி கொடுக்கும் பெட்ரோல் காசு தண்டம்.

ஜாபர் பாயிடம் மூன்று காரியம் சொன்னேன். மாவு, வெல்லம் எதுவும் வேண்டாம். டீசல் எஞ்சினைப் போட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை உயரத்திலிருந்து தெளித்து விழுகிற மாதிரி குளத்துக்குள் விடுங்கள். நான் சொல்லும் வரை தீனி ஒரு குருணைகூட விழக் கூடாது.

மூன்றாவதில்தான் அவர் முகம் மாறியது. "பட்டினி போடச் சொல்றீங்களா? பசியில ஒன்ன ஒன்னு தின்னுடாதா? இருக்குறதும் போயிடும்."

நியாயமான பயம். நன்னீர் இறால் சட்டை உரிக்கும்போது மெத்தென்று இருக்கும், பசித்த பக்கத்து வீட்டுக்காரன் விடமாட்டான். "தண்ணில திரள் நெறைய இருக்கு பாய். அதத் தின்னுக்கிட்டுக் கெடக்கும். தீனி போட்டா மிஞ்சுறது அழுகும், அழுகுனா இன்னும் காத்து போகும். பட்டினியில சாகுறது கொஞ்சம், நீங்க பாசமாப் போடுற தீனியில சாகுறது மொத்தம்" என்றேன். அவர் எஞ்சினைக் கிளப்பப் போனார். விசா தேதியை அவர் மனதுக்குள் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

தண்ணீர் விழத் தொடங்கியது. பெல்ட் வாங்க ஆள் போயிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் நான் கரையைச் சுற்றி வந்தேன். இறாலின் முதுகில் ஓடும் குடலை வெளியிலிருந்தே பார்க்கலாம். எதிர்க்கரையில் ஒதுங்கியிருந்த இறால்கள் சிறுசு, குடலில் பேருக்கு ஏதோ கொஞ்சம். வீட்டுப் பக்கம், துணி துவைக்கக் கட்டிய படிக்கட்டு அருகே கிடந்ததெல்லாம் பெரிது. நீலக்கால் கடுவன்கள், அதாவது பெரிய ஆண் இறால்கள், ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அங்கேதான் கூட்டம் போட்டிருந்தன. குடல் தடியாக, வெளிறிய நிறத்தில். எங்கள் தீனி தின்றால் குடல் கறுத்த பழுப்பாக இருக்கும், திரள் தின்றாலும் பழுப்புதான். இந்த வெளிறல் நான் கொடுத்த சாப்பாடு கிடையாது.

கடைசிப் படியில் இறங்கி ஒரு கை சேற்றை அள்ளினேன். கரியாக வந்தது. முகர்ந்தேன். எங்கள் தீனி அழுகினால் கருவாட்டு நாற்றம் வரும். இது புளித்த கடலைப் பிண்ணாக்கு. அந்த நிமிடமே எனக்குப் பாதி கதை புரிந்துவிட்டது, மீதிப் பாதி வீட்டுக்குள் இருந்தது.

கை கழுவும் சாக்கில் கொல்லைப்புறம் போனேன். பக்ரீதுக்காக வளர்க்கும் இரண்டு கிடாய்கள் கட்டியிருந்தன. பக்கத்தில் பிண்ணாக்கு ஊறும் தொட்டி. இரண்டு ஆட்டுக்கு அவ்வளவு பெரிய தொட்டி வேண்டியதில்லை. மும்தாஜ் செம்பில் தண்ணீர் ஊற்றினாள்.

"இது எத்தன நாளாப் போடுற மும்தாஜ்?"

"ஆட்டுக்கு வாங்குன அன்னையிலேர்ந்து ஊற வெக்கிறேங்கா."

"நான் ஆட்டக் கேக்கல."

செம்பு நின்றுவிட்டது. மெதுவாகச் சொன்னாள். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களைப் பார்க்க வரும் பெண்களை அவள் சாயங்காலம் குளத்துக்கு அழைத்துப் போவாள். ஜாபர் பாய் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார், செல்லமுத்து டீ குடிக்கக் கடைக்குப் போயிருப்பார். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. ஒரு கைப்பிடி பிண்ணாக்கைப் போட்டால் நீலக்காலை நீட்டிக்கொண்டு மேலே வரும். ஒருத்தி போட்டால் கூட வந்தவளும் போட வேண்டும். வந்தவர்கள் கையை வெறுமனே வைத்துக்கொண்டு நிற்க விடுகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. ஒரு நாளைக்கு எத்தனை விருந்தாளி என்று எண்ணிப் பார்த்தால் குளத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே புரியும்.

"நல்லதுதானே செய்றோம்னு நெனச்சேங்கா. தின்னா வளரும்னு" என்றாள். "எல்லாம் செத்துருமா? இது போயிட்டா அவங்க போயிடுவாங்கக்கா."

எனக்கு மனசு உருகிவிட்டது. கோபப்படத்தான் உள்ளே போனேன், கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. "இன்னியோட நிறுத்திட்டீன்னா தேறிடும். அவருகிட்ட நான் மழை மேல பழியப் போட்டுடுறேன். மழை கோர்ட்டுக்கு வராது" என்றேன். பெரிய தந்திரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

"செல்லமுத்தண்ணன் மேல அவங்களுக்குச் சந்தேகம்னு மாமா பேசிக்கிட்டிருந்தாங்களே, அது இதுக்கா?"

"ஆமா. நாளையிலேர்ந்து வரவேணாம்னுட்டாரு."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். தலையில் முக்காட்டைச் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டு, செருப்புக்கூட மாட்டாமல், வெளி ஆண்கள் நிற்கிற நேரத்தில் ஒருநாளும் போகாத குளத்தங்கரைக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

"நாந்தாங்க போட்டேன்" என்றாள் ஜாபர் பாயிடம். "பிண்ணாக்கு. தினமும். அந்த அண்ணன் ஒன்னும் பண்ணல."

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும், "ஏன்? ஏன் புள்ள இப்படிச் செஞ்ச?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"வர்றவங்க ஒருத்தராச்சும் நல்லாருக்கியான்னு கேக்குறாங்களா? ஒம் மாப்ள எப்பப் பயணம், எப்பப் பயணம், இதே கேள்விதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. கூட்டிட்டு வந்து இதக் காட்டினேன். இங்கயும் உங்களுக்கு வேல இருக்குன்னு பாத்துட்டுப் போகட்டும்னு காட்டினேன்."

ஜாபர் பாய் தண்ணீரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு செல்லமுத்து பக்கம் திரும்பி, "செல்லமுத்தண்ணே, காலையிலேர்ந்து டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

செல்லமுத்து நிமிராமலே, "பெல்ட்டு வரட்டும் பாய். மாட்டிட்டுக் குடிப்போம்" என்றார்.

மன்னிப்புக் கேட்பதும் கொடுப்பதும் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் நடக்கும்.

பெல்ட் வந்து இரண்டாவது காற்றாடி ஓடியது. மதியத்துக்கு மேல் மீசைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் இறங்கின. மாலையில் கரண்ட் வந்த பிறகுதான் மாவு கரைக்கச் சொன்னேன், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தடவையும் இறால் மேலே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. செத்ததைக் கூடையில் அள்ளினோம். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது, குளத்தில் இருந்ததோடு ஒப்பிட்டால் சொற்பம். தீனியை நிறுத்தியே வைத்தோம். ஜாபர் பாய் தினமும் போன் போட்டு "இன்னைக்காவது?" என்பார், நான் "இல்லை" என்பேன். ஒரு சொல்லை அத்தனை முறை அலுக்காமல் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான். சோதனைக் குழாயில் பச்சை வெளுத்த பிறகு ஒரு தட்டுத் தீனி மட்டும் வைத்துப் பார்த்தோம். துடைத்து வைத்திருந்தது. அப்போதுதான் மறுபடி ஆரம்பித்தோம்.

விருந்தாளிகள் அதன் பிறகும் வந்தார்கள். ஜாபர் பாய் ஒரு கண்ணாடித் தொட்டி செய்து, ஏதோ பழைய மோட்டாரைப் பொருத்திக் காற்று விட்டு, ஒரு நீலக்கால் கடுவனைப் பிடித்து அதில் போட்டு வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டார். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். அது முறைத்துக்கொண்டு நடந்தது, யாரும் குளத்துப் பக்கம் போகவில்லை. திருச்சியில் நடந்த கூட்டத்தில் மேலாளர், காற்றாடி ஓடாத குளத்தில் சர்க்கரை ஊற்றக் கூடாது என்று தான் கண்டுபிடித்ததைப் போல அரை மணி நேரம் பேசினார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினேன். நல்ல விஷயம் யார் வாயிலிருந்து போனால் என்ன, நாலு குளம் பிழைத்தால் சரி.

அறுவடை என்ன ஆனது என்று கேட்பீர்கள். சுமாருக்கு மேலே, பிரமாதத்துக்குக் கீழே. ஏற்றுமதிக்காரர்கள் பெரியதை எடுத்துக்கொண்டார்கள், சின்னது உள்ளூர்ச் சந்தைக்குப் போனது. அந்த நாளில் நடந்தது பாதி எனக்கு மறந்துவிட்டது. மறக்காதது அதற்கு முன்னால் வந்த ஒரு நாள். நான் உங்களுக்கு இவ்வளவும் எழுதியது அதைச் சொல்லத்தான்.

ஹஜ்ஜுக்குப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள். பக்ரீதும் முடிந்திருந்தது. வழக்கம்போல் வாரச் சோதனைக்குப் போயிருந்தேன். ஜாபர் பாய் தீனித் தட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, வேறு யாருடைய சங்கதியையோ சொல்வது போல், "இன்னையோட முடியுது மேடம்" என்றார்.

"எது பாய்?"

"விசா."

"மும்தாஜுக்குத் தெரியுமா?"

"அவதான் காலையில தேதியச் சொன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியப் பாக்காம அடுப்படிக்குப் போயிட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மேடம் வரட்டும், நாளைக்குத் தீனி எவ்வளவுன்னு கேட்டுட்டுச் சொல்றேன்னேன்."

பாருங்கள், நான் தயங்கிப் பழக்கமில்லாதவள். கேள்வி முடிவதற்குள் அளவு சொல்கிறவள் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு அந்த மனுஷன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றபோது, தட்டை இன்னொரு முறை தூக்கச் சொன்னேன். கையில் ஏந்தி, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை விரலால் தடவிப் பார்த்தேன். தண்ணீரை முகந்து வெளிச்சத்தில் பிடித்துத் திரளைப் பார்த்தேன். வலையில் வந்த இறாலை ஒவ்வொன்றாகத் திருப்பிக் குடலைப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. நாம் சொல்லும் ஒவ்வொரு அளவையும் நம்பி ஒரு வீட்டில் ஏதோ ஒன்றை முடிவு செய்கிறார்கள். அது எனக்கு அத்தனை வருடம் தெரியாமலில்லை, அன்றைக்குத்தான் கையில் கனத்தது.

"அரைக் கிலோ கூட்டிப் போடலாம் பாய்" என்றேன்.

செல்லமுத்து எங்களுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஜாபர் பாய் வீட்டுப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, அடுப்படி வரை கேட்கிற குரலில், "செல்லமுத்தண்ணே, நாளையிலேர்ந்து அரைக் கிலோ கூட" என்றார்.